35 மணி நேரம்

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைப்பேன். முதல் தடவை வருகிறவர் தன் நாற்காலியைக் கதவோரம் இழுத்துக்கொள்வார். இழுக்கட்டும் என்று விட்டுவிடுவேன். இரண்டு மூன்று மாதத்தில் அது தானாக உள்ளே வந்துவிடும்.

நான் மனநல சமூகப் பணியாளர். மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் குடும்பத்தாருக்காகச் சென்னையில் இந்தக் கூட்டத்தை நடத்துகிறேன். ‘பராமரிப்பாளர்’ என்பது எங்கள் காகிதங்களில் உள்ள சொல். வருகிறவர்கள் யாரும் தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. ‘நான் அம்மா’, ‘நான் அவளுக்கு அண்ணன்’, அவ்வளவுதான். நோய் தீரக் குணசீலம் கோயிலுக்குப் போனீர்களா, சோளிங்கர் கோயிலுக்குப் போனீர்களா என்றும் இங்கே ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. எல்லாரும் போய் வந்தவர்கள்.

ஆரம்பத்தில் கூட்டம் என்ற பெயரில் வகுப்புதான் எடுத்தேன். 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மனநல மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட, வாடகை அறைக்குப் போனவர்கள் நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள். ஓயாத குறை, எரிச்சல், மிதமிஞ்சிய கவலை நிறைந்த வீட்டில் நோய் அதிகமாகத் திரும்ப வருகிறது என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. 1976-இல் வான், லெஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு கணக்கும் சொன்னார்கள்: அப்படிப்பட்ட வீட்டாரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகம் பார்த்து இருந்தால் ஆபத்து அதிகம்.

இதைப் பலகையில் எழுதினேன். ஓரத்தில் இருந்த அம்மா, “எங்களுது ஒரே ரூமு மேடம். முப்பத்தஞ்சு மணி நேரம் புதன்கிழமை காலைக் காபிக்குள்ள முடிஞ்சிடும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சொன்னது நோய் திரும்புவதைப் பற்றி. அவர்கள் காதில் விழுந்தது ‘உங்களால்தான்’ என்பது. வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதற்கப்புறம் பேச்சைக் குறைத்தேன். ஒருநாள் ஓய்வுபெற்ற அப்பா ஒருவர் பொரிந்தார்: “படிச்ச பையன். பத்து மணி வரைக்கும் தூங்கறான், குளிக்க மாட்டேங்கறான். சோம்பேறித்தனம், வேறென்ன?” எதிலும் நாட்டமில்லாமல் போவதும் இந்த நோயின் பகுதிதான் என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். மின்விசிறிச் சத்தம் மட்டும். எதிரே இருந்த அம்மா சொன்னார்: “நானும் தண்ணி ஊத்தி எழுப்பியிருக்கேங்க, ரெண்டு வருஷம். இப்ப காபியோட கதவைத் தட்டறேன். அவன் குடிச்சு முடிக்கிற வரைக்கும் குளியல் பேச்சே எடுக்கறதில்ல.”

அப்பா கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: “சர்க்கரை போட்டா, போடாமலா?”

குளோசபின் என்ற மாத்திரையைத் தொடங்கினால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை என்று டாக்டர் சொல்லிவிடுவார். அந்த மாத்திரையால் ராத்திரி எச்சில் ஒழுகித் தலையணை ஊறும்போது பழைய துண்டை மடித்துப் போடும் யோசனை எனக்கு இந்த வட்டத்தில்தான் கிடைத்தது. இரண்டு பேச்சுக்கு மட்டும் உடனே குறுக்கே விழுவேன்: ‘கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும்’, ‘நல்லாத்தானே இருக்கான், மாத்திரையை நிறுத்திப் பாருங்க’. அங்கே மரியாதை பார்ப்பதில்லை.

அந்த ஒரே ரூம் அம்மா இப்போதும் வருகிறார், திருவள்ளூரிலிருந்து, ரயிலில். இவ்வளவு தூரம் சிரமமில்லையா என்று ஒருநாள் கேட்டேன்.

“போக வர நாலு மணி நேரம், இங்க ரெண்டு. ஆறு மணி நேரம் அவனும் என் மூஞ்சியப் பார்க்காம இருக்கான்ல, மேடம்.”