நெக்கைப் பாருங்க தம்பி

வடபழனியில் ஒலிப்பதிவுக் கூடங்கள் இருக்கும் பகுதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அந்தப் பட்டறை. சுவர் முழுக்கக் கிட்டார்கள். சிலவற்றுக்குத் தந்தி இல்லை, சிலவற்றுக்கு நெக்கே இல்லை. மேசைமேல் பல அளவில் அரங்கள், சாலிடரிங் அயர்ன், ஆலன் கீ கொத்து, தேய்ந்த டூத் பிரஷ். குறைந்த விலையில் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க வேண்டும் என்று யார் கேட்டாலும், வாங்கப் போகும் கிட்டாரை எடுத்துக்கொண்டு முதலில் இப்படியொரு இடத்துக்குப் போகச் சொல்வேன்.

பட்டறைக்காரரை எல்லாரும் அண்ணன் என்றே கூப்பிடுகிறார்கள். மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்தவர். குழுவின் கிட்டார்களை அவரே பழுது பார்க்கத் தொடங்கி, பிறகு அதுவே தொழிலாகிவிட்டது. நான் போயிருந்தபோது நாசரேத் ஊர்க்காரத் தம்பி ஒருவன் வந்திருந்தான். சர்ச்சில் வாசிக்க ஒரு கிட்டார் வேண்டும். விற்கிறவரையும் கையோடு அழைத்து வந்திருந்தான். நல்ல ஏற்பாடு. தமிழ்நாட்டில் எலெக்ட்ரிக் கிட்டாரை வாரம் தவறாமல் வாசிக்கிற இடங்களில் முக்கியமானவை சர்ச்சுகள். மெல்லிசை மேடையிலிருந்தும் கல்லூரி பேண்டிலிருந்தும் கைமாறி வரும் கிட்டார்கள் பலவும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்கின்றன.

அவன் கொண்டுவந்தது ஸ்குவையர் ஸ்ட்ராடோகாஸ்டர். விலை பன்னிரண்டாயிரம். அண்ணன் தலைப்பகுதியைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். ஐசிஎஸ் என்று தொடங்கி, அடுத்து 13. "இந்தோனேசியா, கோர்ட் ஃபேக்டரி, 2013" என்றார். பளபளவென்று இருந்த சிவப்பு பாடியை அவர் கண்டுகொள்ளவே இல்லை. கிட்டாரைத் தூக்கி, தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக் நெடுகப் பார்த்தார். பிறகு ஆறாவது தந்தியை, நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் முதலாவதில் ஒரு கையாலும் கடைசி ஃப்ரெட்டில் மறுகையாலும் அழுத்திக்கொண்டு, "நடுவுல பாருங்க சார்" என்றார். ஏழு, எட்டாவது ஃப்ரெட்டுகளுக்கு மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். இதில் இரண்டு கார்டு தாராளமாக நுழைந்தது.

மெல்லிய தந்திகளே ஆனாலும் ஆறும் சேர்ந்து சுமார் 38 கிலோ விசையோடு நெக்கை இழுக்கின்றன. அதை எதிர்த்துப் பிடிக்க நெக்கின் உள்ளே ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. அண்ணன் ஆலன் கீயை நுழைத்துக் கால் சுற்று திருப்பினார், காத்திருந்தார், மறுபடி பார்த்தார். நெக் நேரானது. "ராட் இன்னும் திரும்புது. இதுதான் வேணும்" என்று தம்பியிடம் சொன்னார். "பிக்கப் மாத்தலாம், வால்யூம் பாட் மாத்தலாம், பிரிட்ஜ் மாத்தலாம். நெக் முறுக்கிக்கிச்சுன்னா இந்த ராடு ஒண்ணும் பண்ணாது. அதனால நெக்கைப் பாருங்க தம்பி, கலரைப் பாக்காதீங்க."

இவ்வளவையும் கழற்றி மாற்ற முடிவதற்குக் காரணம் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். 1950-களின் தொடக்கத்தில் டெலிகாஸ்டரையும், 1954-ல் ஸ்ட்ராடோகாஸ்டரையும் கொண்டுவந்தார். நெக்கை ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பாடியோடு பிணைத்தார். ரிப்பேர்காரர் ஒருவர், இன்னொரு ரிப்பேர்காரரின் கையை மனதில் வைத்துச் செய்த வாத்தியம் இது. பழையதை நம்பி வாங்கலாம் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

நெக்கின் மேல் பலகையை அண்ணன் எண்ணெய்த் துணியால் துடைத்ததும் கரும்பழுப்பு ரேகைகள் எழுந்து வந்தன. "ஈட்டி" என்றார். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே ஈட்டி மரம். அதைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே வந்தது. 2017-ல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு இறுகியபோது கிட்டார் நிறுவனங்கள் வேறு மரம் தேடின. இசைக் கருவிகளுக்கு 2019-ல் விலக்குக் கிடைத்தும், பிறகு வந்த ஸ்குவையர்கள் பலவற்றில் பலகை கருமருதுதான். வாசிப்பில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரிகிறது.

குறை ஃப்ரெட்டுகளில் இருந்தது. முதல் மூன்று ஃப்ரெட்டுகளில், இரண்டாம் மூன்றாம் தந்திகளுக்கு நேர்கீழே பள்ளம் விழுந்திருந்தது. ஜி, சி, டி என்று திறந்த கார்டுகளையே வருஷக்கணக்கில் வாசித்த கிட்டார் இப்படித்தான் தேயும். இதற்கு என்ன செய்வது என்று மேசையில் பாதி வேலை முடிந்து கிடந்த இன்னொரு கிட்டாரில் காட்டினார். ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தின்மேல் டேப் ஒட்டி, ஒவ்வொரு ஃப்ரெட்டின் தலையிலும் கறுப்பு மார்க்கர் பூசியிருந்தார். உப்புத்தாள் ஒட்டிய நீண்ட அலுமினியச் சட்டத்தை நெக் நெடுக மெல்ல ஓட்டினார். மேடான இடத்தில் மை அழிந்து உலோகம் மின்னியது, பள்ளத்தில் மை அப்படியே நின்றது. கடைசி மை அழியும்வரை ஓட்ட வேண்டும், அதற்குமேல் ஒரு இழுப்புக்கூடக் கூடாது. ஃப்ரெட்டில் இருப்பதே சொற்ப உயரம்தான். தட்டையான தலைகளைக் குழிவான அரத்தால் ஒவ்வொன்றாக மறுபடி உருட்ட வேண்டும். கடைசியில் மெல்லிய ஸ்டீல் வுல்லால் மெருகு. அதற்கு முன் பிக்கப்புகளையும் டேப்பால் மூடிவிடுகிறார். இல்லாவிட்டால் அவற்றில் உள்ள காந்தம் இரும்புத் தூளை இழுத்து வைத்துக்கொள்ளும்.

அடுத்து தம்பியின் கிட்டாரை ஆம்பில் செருகினார். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரத்தது. ஸ்ப்ரே அடித்ததும் சரியானது. தந்தியில் கை வைத்தால் இரைச்சல் அடங்குகிறதா என்று இருமுறை பார்த்தார். அடங்கவில்லையென்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் கம்பி விட்டிருக்கும். இதில் அவர் காட்டும் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். கிட்டாரில் எர்த் சரியாக இருந்தாலும் மேடையில் எர்த் பிசகினால் ஆபத்துதான். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில், தந்தியில் கை இருக்க மைக்கில் உதடு பட்டு ஷாக் வாங்காத மெல்லிசைக் கலைஞர்கள் குறைவு. 1972-ல் வேல்ஸின் ஸ்வான்சீயில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் மேடையில் மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தே போனார். "வாசிக்கிறதுக்கு முன்னாடி மைக்கைப் புறங்கையால தொட்டுப் பாரு" என்று தம்பிக்கும் சொன்னார்.

பிரிட்ஜில் இரண்டு திருகாணிகள் துருவேறி இறுகியிருந்தன. கடற்காற்று அடிக்கும் வீடாக இருக்கும் என்று அண்ணன் சொல்ல, விற்கிறவர் திருவான்மியூர் என்று ஒப்புக்கொண்டார். ஃப்ரெட் வேலைக்கும் செட்டப்புக்கும் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு ஆகும் என்றதும், விற்கிறவர் விலையில் ஆயிரத்து ஐந்நூறு குறைத்தார்.

அரை நாளுக்கு மேல் குனிந்து செய்யும் வேலை இது. எஃபெக்ட்ஸ் பெடலுக்கு எட்டாயிரம் யோசிக்காமல் கொடுப்பவர்கள் இங்கே வந்து ஐந்நூறு குறைக்கச் சொல்வதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பதினைந்தாயிரம் கையில் இருந்தால் பன்னிரண்டுக்குள் கிட்டாரைப் பாருங்கள், மூன்றை இந்த மேசைக்கு ஒதுக்குங்கள். தம்பி பேரம் பேசவில்லை. ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, எப்போது வரட்டும் என்று கேட்டான்.

"சனிக்கிழமை சாயங்காலம் வாங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு எடுத்துட்டுப் போகலாம். மழைக்காலம் முடிஞ்சதும் ஒருதரம் கொண்டாந்து காட்டுங்க, நெக் அசைஞ்சிருக்கும்."