சுபேதார் சொல்லாத கதை

யுத்தக் கதை கேட்பதில் நமக்கு எப்போதுமே தனி மோகம் உண்டு. பாரத யுத்தத்தின் பதினெட்டு நாட்களில் ஒரு நாளையும் விடாமல் சொல்லி நம்மைத் தூங்க வைத்தவர்கள் நமது பாட்டிமார். ஆகவே, பர்மாப் போர்முனையிலிருந்து திரும்பிய சுபேதார் ஒருவர் நமது தெருவிலேயே குடியிருந்தபோது அவரைச் சும்மா விட்டிருப்போமா? மாலை வேளைகளில் தெருப் பிள்ளைகளெல்லாம் சேர்ந்து அவர் வீட்டுத் திண்ணையை முற்றுகையிடுவோம்.

"தாத்தா, எத்தனை ஜப்பான்காரர்களைச் சுட்டீர்கள்?" என்று கேட்போம்.

அவர் சிரிப்பார். பிறகு, பாரம் சுமந்த கோவேறு கழுதையொன்று மழைச் சேற்றில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்த கதையைச் சொல்வார். எத்தனை தடவை கேட்டாலும் அந்தக் கழுதைதான் வரும். ஜப்பான்காரன் வரவே மாட்டான்.

அம்மன் கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடுவார்கள். அதற்கு முதல் நாளே சுபேதார் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூரிலிருந்த மகள் வீட்டுக்குப் புறப்பட்டு விடுவார். "வேட்டுக்குப் பயந்த பட்டாளத்தார்" என்று நாம் அவருக்குப் பட்டம் சூட்டினோம். ஒரு நாள் அவர் காதில் விழும்படியே சொல்லியும் விட்டோம். அதற்கும் அவர் சிரிக்கத்தான் செய்தார்.

அந்தச் சிரிப்பின் பொருள் விளங்க நமக்குப் பல வருஷங்கள் சென்றன. விளங்க வைத்தது ஓர் ஆங்கிலக் கவிஞரின் சுயசரிதை.

ராபர்ட் கிரேவ்ஸ் என்பவர் 1914-ல் மூண்ட முதல் மகா யுத்தத்தில் இளம் அதிகாரியாகப் பிரான்ஸில் போரிட்டவர். 1916 ஜூலையில் ஸோம் போரில் படுகாயமடைந்தார். அவர் இறந்துவிட்டதாகவே அவருடைய தாயாருக்குக் கடிதம் போய்விட்டது. பிழைத்தெழுந்த அவர் 1929-ல் 'குட்பை டு ஆல் தட்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். வீரப் பிரதாபத்தைத் தேடி அதைப் புரட்டுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். வீடு திரும்பிய பிறகு தமக்கு நேர்ந்ததை அவர் ஒளிக்காமல் சொல்கிறார். மனைவி அருகில் படுத்திருக்கும்போதே நள்ளிரவில் படுக்கையின் மீது குண்டுகள் வெடிக்கும். பட்டப் பகலில் எதிரே வரும் அந்நியருக்கு, மாண்டுபோன தோழனின் முகம் வந்துவிடும். டெலிபோனில் பேச முடியாது. ரயில் ஏறினால் உடம்புக்கு ஆகாது. ஒரே நாளில் புதிய மனிதர்கள் இரண்டு பேருக்கு மேல் பார்த்துவிட்டால் அன்றிரவு தூக்கம் கிடையாது.

போர்முனை அதிகாரிகளைப் பற்றியும் அவர் ஒரு கணக்குக் கொடுக்கிறார். ஆறு மாதம் வரையில் ஒருவன் ஒருவாறு சமாளிப்பான். ஒன்பது பத்து மாதத்தில் ஓய்வு கிடைக்காவிட்டால் மற்றவர்களுக்குப் பாரமாவான். ஒரு வருஷத்தைத் தாண்டினால் அவன் இல்லாதிருப்பதே மேல் என்ற நிலை வந்துவிடும். துணிவு அட்சய பாத்திரமன்று என்பதை இவ்வளவு பச்சையாகச் சொல்லப் படைவீரன் ஒருவனுக்குத்தான் உரிமை உண்டு.

இந்த வியாதிக்கு 'ஷெல் ஷாக்' என்ற பெயர், சார்லஸ் மையர்ஸ் என்னும் வைத்தியர் 1915-ல் எழுதிய கட்டுரையினால் பரவிற்று. குண்டு வெடித்த வேகத்தில் மூளை கலங்கியது என்றே முதலில் நினைத்தார்கள். குண்டின் அருகில் போகாதவர்களுக்கும் அதே நடுக்கமும் பேச்சற்ற நிலையும் காணவே, காயம் மனத்தில் என்பது தெரியலாயிற்று. ஆனால் ராணுவ நீதிமன்றங்கள் அவ்வளவு நுட்பம் பார்க்கவில்லை. ஓடிப் போனவர், கோழை என்றெல்லாம் குற்றம் சாட்டிச் சுட்டுக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துச் சிப்பாய்கள் 306 பேருக்கு 2006-ல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களில் இந்நோய் பிடித்தவர்களும் இருந்தார்கள். கல்லறைக்கு மன்னிப்புப் போய்ச் சேர ஏறக்குறைய தொண்ணூறு வருஷம்!

கிரேவ்ஸின் நண்பர் ஸீக்ஃப்ரீட் ஸஸூன் வீரப் பதக்கம் பெற்றவர். யுத்தத்தை வேண்டுமென்றே நீட்டுகிறார்கள் என்று அவர் 1917-ல் பகிரங்க அறிக்கை விட்டார். விசாரணைக்குப் பதிலாக, எடின்பரோவுக்கு அருகிலிருந்த கிரெய்க்லாக்கார்ட் ஆஸ்பத்திரிக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே அவருக்கு வாய்த்த வைத்தியர் ரிவர்ஸ். இவர் நமது நாட்டுக்குப் புதியவரல்லர். 1901-02-ல் நீலகிரிக்கு வந்து, தோடர்கள் சொன்னதையெல்லாம் பொறுமையுடன் கேட்டு, 1906-ல் அவர்களைப் பற்றிப் பெரியதொரு நூல் வெளியிட்டவர். மந்துகளில் பழகிய அந்தக் காதுகளே பின்னர் நடுங்கும் அதிகாரிகளின் கதைகளையும் கேட்டன. "எல்லாவற்றையும் மறந்துவிடு" என்ற புத்திமதிதான் பெருந்தீங்கு என்று அவர் கண்டார். பகலில் அமுக்கி வைத்த நினைவு இரவில் கனவாக எழுந்து வரும். ஆனால், குணமானவனைத் திரும்பவும் போர்முனைக்கு அனுப்புவதும் அவருடைய கடமையாக இருந்தது! ஸஸூனும் திரும்பிச் சென்றார். 1918-ல் தலையில் குண்டடி பட்டும் பிழைத்தார். நினைவுகளை எழுதியும் வைத்தார்.

இவர்கள் படித்தவர்கள், எழுத வல்லவர்கள். அதே யுத்தத்துக்குக் கடல் கடந்து சென்ற இந்தியர்கள் பத்து லட்சத்துக்கு மேல். அவர்களில் எழுத்தறியாதார் பலர். தாங்கள் சொல்ல, வேறொருவரைக் கொண்டு கடிதம் எழுதுவித்தார்கள். அதையும் தணிக்கை அதிகாரி பிரித்துப் படித்தார். விந்தை என்னவென்றால், அவர் மொழிபெயர்த்து வைத்த பகுதிகள்தாம் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் அவர்களுக்காகப் பேசுகின்றன. அந்நிய அரசாங்கம் வேவு பார்ப்பதற்காக எடுத்த நகல், நம்மவர்களின் மனத் துயருக்குச் சாட்சியாயிற்று.

நமது சுபேதாருக்கு அந்தத் தணிக்கை அதிகாரிகூட இல்லை. கேட்பதற்கு நாம்தான் இருந்தோம். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று நூறு தடவை கேட்டோம். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கையில் இன்னொன்றும் தோன்றுகிறது. சேற்றில் படுத்த அந்தக் கழுதை கடைசியில் எழுந்ததா? அந்த இடத்தோடு அவர் கதையை நிறுத்திவிடுவார். பிறகு என்ன ஆயிற்று என்று நாமும் கேட்டதில்லை.

போருக்குப் போகிறவனை மாலையிட்டு அனுப்ப நமக்கு நன்றாகத் தெரியும். திரும்பி வந்தவனுக்குக் காது கொடுக்கவும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.