அழகும் அளவும் கூடும் மாளிகை

கத்தாரின் தலைநகர் தோஹாவில், கடற்கரைச் சாலையை அடுத்துக் கடலில் செயற்கையாய் எழுப்பப்பெற்ற தீவொன்றின் மீது வீற்றிருக்கிறது இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். 2008ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இம்மாளிகையை வடிவமைத்தவர், சீனாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் ஐ.எம். பெய். கெய்ரோ நகரின் இப்னு துலூன் பள்ளிவாசல் முற்றத்திலுள்ள ஒளூ மண்டபமே அவருக்குக் கருவைத் தந்தது. சதுரம் எண்கோணமாகவும், எண்கோணம் வட்டமாகவும் மாறும் அந்தக் கணிதம் இங்கே சுண்ணாம்புக் கல்லில் நிமிர்ந்து நிற்கிறது. ஆக, வாயிலிலேயே பாடம் தொடங்கிவிடுகிறது.

இங்குள்ள செல்வங்களுள் ஒன்று, வானியல் அறிஞர் அல் குஜந்தி ஹிஜ்ரி 374இல் (கி.பி. 984-85) செய்த அஸ்துர்லாப். உள்ளங்கையில் ஏந்தத்தக்க உலோக வட்டு அது. மேலே பூவேலை செய்த ஆபரணம் போலத் தோன்றும் தகட்டைச் சற்று உற்று நோக்க வேண்டும். அதில் நீளும் ஒவ்வொரு கூர்முனையும் ஒரு விண்மீனின் இருப்பிடம். கதிரவன் அல்லது விண்மீனின் உயரத்தை அளந்து, அத்தகட்டைச் சுழற்றினால் நேரம் தெரியும். தொழுகை வேளைகளைக் கணிக்கவும் இது துணைபுரிந்தது. அழகுக்காக ஒரு முனையை இடம் மாற்றியிருந்தால் கணக்கே பிழைத்துப் போயிருக்கும்! இதே அல் குஜந்திதான் கி.பி. 994இல், ஈரானின் ரய் நகரில் மாபெரும் அளவுகருவி ஒன்றை நிறுவி, பூமியின் அச்சுச் சாய்வை 23 பாகை 32 கலை எனக் கண்டவர்.

பொன்னாய் மின்னும் மட்கலங்களின் கதையும் இத்தகையதே. 9ஆம் நூற்றாண்டு ஈராக்கியக் குயவர்கள், மெருகிட்ட கலத்தின் மீது வெள்ளி, செம்புச் சேர்மங்களால் ஓவியம் தீட்டி, காற்றைக் குறைத்துப் புகை மிகுந்த சூளையில் மீண்டும் சுட்டனர். அம்மினுமினுப்புக்குக் காரணம், மெருகினுள் பதிந்த நானோ அளவிலான உலோகத் துகள்கள் என இன்றைய நுண்ணோக்கிகள் காட்டுகின்றன. நானோமீட்டர் என்பது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அக்குயவர்கள் அப்பெயரை அறியார். ஆனால் நெருப்பின் போக்கை அறிந்திருந்தனர். பொறுமையோடு சுட்டுச் சுட்டுப் பார்த்துப் பெற்ற அறிவு அது.

முன்னோர் பெருமையைப் பேசி மகிழ்வது எளிது. அவர்கள் ஒன்றெனக் கொண்டதை நாம் இரண்டாய்ப் பிரித்துவிட்டோமே! படம் வரையும் பிள்ளையிடம், "இதை விட்டுப் படிப்பைப் பார்" என்கிறோம். கணக்கில் தேர்ந்த பிள்ளைக்கோ வண்ணத்தை அறிமுகம் செய்வதே இல்லை.

தோஹாவில் பணிபுரிவோர் குடும்பத்தை அழைக்கும்போது, கடைவீதிகளோடு நின்றுவிடாமல் இம்மாளிகைக்கும் ஒரு பொழுதை ஒதுக்கலாம். செல்ல இயலாதோர் வருந்த வேண்டியதில்லை. பிள்ளையின் கையில் கவராயத்தையும் அளவுகோலையும் கொடுங்கள். வட்டம் ஒன்று, அதனுள் சதுரம் ஒன்று, பாதிச் செங்கோணம் திருப்பி மற்றொரு சதுரம். எட்டு முனை விண்மீன் ஒன்று தாளில் மலரும். அது ஓவியமா, கணக்கா என்று பிள்ளையே வியக்கட்டும்.