சுத்தியலைக் கீழே வைங்க... முதல்ல அச்சைப் பாருங்க!

பழைய கறுப்பு சைக்கிளில் கிராங்க் கழற்றும் சத்தத்தைத் தெருமுனை வரை கேட்கலாம். கொட்டர் பின்னின் நட்டைத் தளர்த்தி, சுத்தியலால் 'டங் டங்' என்று நாலு தட்டு. பின் வெளியே வந்துவிடும், கிராங்க்கும் கையோடு வந்துவிடும். பின் வளைந்தால் சில்லறைக் காசுக்குப் புதுசு போட்டுக்கொள்ளலாம்.

எலெக்ட்ரிக் மலை சைக்கிளில் இந்த வித்தை செல்லாது. அதில் மோட்டார் நடுவில், பெடல் சுழலும் இடத்திலேயே இருக்கிறது. இரண்டு கிராங்க்குகளையும் தாங்கும் அச்சு, அந்த மோட்டாரின் ஓர் உறுப்பு. சாதாரண சைக்கிளில் அச்சு கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். இதில் அச்சின் மரை போனால், பெரும்பாலும் மோட்டாரையே மாற்றும்படி ஆகிவிடும். சுத்தியல் அடியோ, நேராக உள்ளிருக்கும் பேரிங்குக்குப் போய்ச் சேரும்.

ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் பாளையங்கோட்டை இளைஞர் ஒருவருக்கு இந்தப் பயம் நிறையவே இருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பாஷ் மோட்டார் சைக்கிள். முன் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. அதை மாற்ற, கிராங்க்கைக் கழற்றியாக வேண்டும். அப்போது அவருடைய அப்பா மூன்று மாத விசாவில் மகன் வீட்டுக்கு வந்திருந்தார். ஊரில் முப்பது வருஷம் சைக்கிள் கடை வைத்திருந்தவர்.

"நான் கழட்டித் தாரேன்யா" என்றார் அப்பா.

"வேண்டாம்ப்பா. இது நம்மூரு சைக்கிள் மாதிரி இல்ல. நீங்க தொடாதீங்க."

அப்பா பதில் சொல்லவில்லை. பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மகன் ஆன்லைனில் ஒரு கிராங்க் புல்லர் வரவழைத்திருந்தார். சைக்கிளை ஆஃப் செய்து, பேட்டரியை வெளியே எடுத்தார். ஆலன் கீயால் கிராங்க் போல்ட்டைக் கழற்றினார். இடது பெடலின் மரை தலைகீழாக இருக்கும் என்பது சைக்கிள் ஓட்டுகிற பலருக்கும் தெரியும். கிராங்க் போல்ட்டுக்கு அந்தக் குழப்பம் இல்லை. இரண்டு பக்கமும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் கழலும்.

புல்லரை மாட்டப் போகும்போது அப்பா செல்போன் டார்ச்சோடு வந்து நின்றார்.

"பொறுய்யா. உள்ள அச்சு எப்படி இருக்குன்னு பாத்தியா?"

"பல்லு பல்லா, வட்டமா இருக்குப்பா."

"நடுவுல போல்ட் ஓட்டை இருக்குல்லா? உன் புல்லர் மூக்கு அதைவிட சிறுசா இருக்கே. முறுக்குனா எங்க போயி நிக்கும்? போல்ட்டு போற மரையிலதான்."

மகன் புல்லரைக் கீழே வைத்துவிட்டார். அவர் வாங்கியது சதுர அச்சுக்கான புல்லர்!

புல்லர்கள் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும். கிராங்க்கில் திருகும் வெளி மரை பெரும்பாலும் 22 மில்லிமீட்டர்தான். வித்தியாசம் அச்சைத் தள்ளும் மூக்கில் இருக்கிறது. சதுர அச்சுக்கு மூக்கு சிறியது, சுமார் 11 மில்லிமீட்டர். பஃபாங் பி.பி.எஸ்.02 போன்ற மோட்டார்களில் சதுர அச்சு உண்டு. பாஷ் மலை சைக்கிள்களில் பரவலாக இருப்பது 10 பற்கள் கொண்ட 'ஐசிஸ்' அச்சு. இதற்குச் சுமார் 16 மில்லிமீட்டர் அகல மூக்கு தேவை. அதைச் சதுர அச்சில் போட்டால், அச்சைத் தொடாமல் கிராங்க்கிலேயே முட்டி, அலுமினிய மரையைப் பிய்த்துவிடும்.

எல்லா சைக்கிளுக்கும் புல்லர் வேண்டும் என்பதும் இல்லை. சில கிராங்க்குகளில் போல்ட்டைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதைத் தொடாமல் போல்ட்டை மட்டும் திருப்பினால், கிராங்க் தானே வெளியே வரும். ஷிமானோ மலை சைக்கிள் மோட்டார்கள் சிலவற்றில், கிராங்க்கை அச்சோடு இறுக்கிப் பிடிப்பவை பக்கவாட்டில் உள்ள சின்ன போல்ட்டுகள். அவற்றைத் தளர்த்தி, முனையிலுள்ள மூடியைக் கழற்றினால் போதும்.

நாலு நாளில் சரியான புல்லர் வந்தது. மகன் அதை அப்பா கையில் கொடுத்தார். அவர் முதலில் கிராங்க்கின் மரையில் இருந்த மண்ணைத் துணியால் துடைத்தார். உள்ளே வாஷர் தங்கியிருக்கிறதா என்று பார்த்தார். புல்லரை விரலாலேயே கடைசி வரை திருகினார்.

"விரலுக்குப் போகலைன்னா மரை கோணலா ஏறுதுன்னு அர்த்தம். அப்ப ஸ்பேனர எடுக்கக் கூடாது" என்றார்.

பிறகு நடுத்தண்டை ஸ்பேனரால் நிதானமாக முறுக்க, கிராங்க் நழுவி வந்தது.

"சத்தமே இல்லாம வருதேய்யா!" அப்பாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

ஐசிஸ் என்ற பெயரை அவர் அதற்குமுன் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால், கருவியை எடுப்பதற்கு முன் அது எதில் போய் முட்டும் என்று பார்க்கும் பழக்கம் அவர் கடையில் கற்றது. அடுத்த வாரம் பிரேக்கைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது, மகனே பால்கனி பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்: "அப்பா, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

நீங்களும் கழற்றப் போகிறீர்களா? மோட்டாரின் பெயர், மாடலோடு, போல்ட்டை எடுத்த பிறகு தெரியும் அச்சையும் போனில் படம் எடுங்கள். அதைக் கடையில் காட்டிப் புல்லர் கேளுங்கள். திரும்ப மாட்டும்போது கைக்கணக்கு வேண்டாம். கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். தளர்வாக மாட்டிய கிராங்க், ஓட ஓட அச்சின் பற்களைத் தின்றுவிடும்.