மாமாக் கடையும் 555 நோட்டும்

சிங்கப்பூரில் சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பாட்டிகளும் கூச்சமில்லாமல் சொல்லும் தமிழ்ச் சொல் ஒன்று உண்டு: மாமா. ‘மாமா ஷாப்’ என்றால் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்குப் போகிற வழியில், ரொட்டியும் மிட்டாயும் பேட்டரியும் செய்தித்தாளும் விற்கிற சிறு கடை. அந்தக் கடைகளை நடத்தியவர்களில் பலர் தமிழ் முஸ்லிம்கள். அவர்களை மாமா என்று கூப்பிட்ட பழக்கமே கடைக்கும் பெயராகிவிட்டது. இந்த நாட்டின் பேச்சுமொழிக்கு நாம் கொடுத்த சொற்கள் அதிகமில்லை. கொடுத்த ஒன்று உறவுமுறைச் சொல்லாக அமைந்ததில் எனக்குப் பெருமை உண்டு. இவற்றோடு, பெரும்பாலும் சீனக் குடும்பங்கள் நடத்திவந்த மளிகைக் கடைகளும் பேட்டைக்குப் பேட்டை குறைந்துகொண்டே வருகின்றன. காலம் மாறிவிட்டது, சனங்கள் பேரங்காடிக்குப் போய்விட்டார்கள் என்று இதற்குக் காரணம் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தக் காரணம் பாதிதான் சரி என்பது என் கருத்து. வாடிக்கையாளர் கைவிட்டதைவிட, கடை நின்ற இடத்துக்கு நாம் விலை வைத்த விதம்தான் அவற்றை அதிகமாக மூடியது. மூடியபோது போனது சாமான் அல்ல, அது எங்கும் கிடைக்கிறது. போனது வேறொன்று.

பழைய மளிகைக் கடையைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் கயிற்றில் தொங்கிய மைலோ டப்பாவைத்தான் சொல்வார்கள். இழுத்தால் இறங்கும், விட்டால் ஏறும், அதுதான் கல்லா. கண்காட்சிகளில் மாட்டிவைக்க அழகான பொருள். ஆனால் அந்தக் கடையின் உயிர் இருந்தது கல்லாவுக்குக் கீழே கிடந்த கையகல நோட்டில். அட்டையில் 555 என்று அச்சிட்ட, சட்டைப்பையில் அடங்குகிற மெல்லிய நோட்டு. அதில் தேதி, சாமான், காசு என்று வரிசையாக எழுதிவந்து, சம்பளம் வந்ததும் ஒரே கோடாக அடித்துவிடுவார்கள். வட்டி கிடையாது, மனு கிடையாது, ஜாமீன் கேட்பதும் கிடையாது. அப்படியானால் கடைக்காரர் எதை நம்பிக் கொடுத்தார்? அவருக்கு அந்த வீடு தெரியும். எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், எந்த வாரம் பால்மாவு டின் வாங்கவில்லை, யாருக்கு வேலை போயிருக்கிறது என்பதெல்லாம் கேட்காமலே தெரியும். அதற்கும் மேலாக, கடன் வைத்தவர் வீட்டுக்குப் போகவேண்டுமானால் கடையைத் தாண்டித்தான் மின்தூக்கிக்குப் போகவேண்டும். பிணை என்று சொன்னால் அந்த வழிதான் பிணை. கடை எங்கே இருந்தது என்பது அதன் வசதி மட்டுமல்ல, கடன் கொடுக்க முடிந்ததன் அடிப்படையே அதுதான்.

இன்று கடனுக்கு என்ன குறை, அட்டை இருக்கிறது, கைப்பேசியில் தவணை இருக்கிறது என்று கேட்கலாம். 55 வயதுக்கு உட்பட்டவர் ஆண்டுக்கு 30,000 வெள்ளியாவது சம்பாதித்தால்தான் இங்கே வழக்கமான கடன் அட்டை கிடைக்கும். பகுதிநேரமாகத் துப்புரவு வேலை செய்பவருக்கும் நாள்கூலிக்காரருக்கும் அந்தக் கதவு திறப்பதில்லை. வந்திறங்கிய நாட்டில் பழைய கணக்கு எதுவும் இல்லாத குடியேறிக்கும் அப்படித்தான். புலம்பெயர்ந்தவனின் முதல் சிக்கல் பணமில்லாமை அல்ல, அவனை யாருக்கும் தெரியாது என்பது. ஊரில் அப்பன் பேரைச் சொன்னால் போதும், இங்கே பேர் என்பது அடையாள அட்டையில் ஒரு எண். அந்த எண்ணை மறுபடியும் ஆளாக்கிய முதல் இடம் பலருக்கும் இப்படியொரு கடைதான். நோட்டில் பெயர் ஏறுவது என்றால், இந்தப் பேட்டையில் உன்னை நம்புகிற ஒருவர் இருக்கிறார் என்று பொருள். தமிழர்கள் மட்டுமல்ல, தென்சீனத்திலிருந்து வந்தவர்களும் சிங்கப்பூரில் இப்படித்தான் காலூன்றினார்கள்.

சரி, இடத்துக்கு வருவோம். 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில்தான் இந்த நாட்டில் வசிப்பவர்களில் ஏறத்தாழ பத்துக்கு எட்டுப் பேர் இருக்கிறார்கள். பழைய நகர்களைத் திட்டமிட்டபோது நகர மையம், பேட்டை மையம், புளோக் கடைகள் என்று படிப்படியாகக் கடைகளுக்கும் இடம் ஒதுக்கினார்கள். மளிகைக் கடை தற்செயலாக முளைத்ததல்ல, வரைபடத்திலேயே அதற்கு இடம் இருந்தது. 1992இல் கழகம் தன் கடைகளை அவற்றில் வாடகைக்கு இருந்தவர்களுக்கே விற்கத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆயிரக்கணக்கான கடைகள் கைமாறின. கடைக்காரர் உரிமையாளரானார், நல்ல காரியம்தான். ஆனால் அன்றிலிருந்து கடையின் மதிப்பு ஒன்று, இடத்தின் மதிப்பு வேறொன்று என்றாகிவிட்டது. முதுமையில் அரிசி மூட்டை தூக்குவதைவிட, துணைப்பாட நிலையத்துக்கோ அழகு நிலையத்துக்கோ வாடகைக்கு விட்டால் கூடுதலாகக் கிடைக்கும். அதுதான் அவருடைய ஓய்வூதியம், அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. மறுபுறம், 1995இல் தொடங்கிய மறுமேம்பாட்டுத் திட்டத்தில் பேட்டைகளே கலைந்தன. 2014இல் தங்லின் ஹால்ட்டில் 31 புளோக்குகளை ஒரே அறிவிப்பில் எடுத்துக்கொண்டார்கள். குடியிருந்தவர்களுக்கு இழப்பீடும் புது வீடும் கிடைத்தன. கடைக்காரரின் மூலதனமோ நோட்டில் இருந்த பெயர்கள். அந்தப் பெயர்கள் ஆளுக்கொரு புளோக்குக்குப் பிரிந்துபோனால் அவர் வேறிடத்தில் எண்ணெய் டின்னை அடுக்கிவைக்கலாம், கடையை வைக்க முடியாது. பொங்கோலில் 2018இல் திறந்த ஒயாசிஸ் டெரசஸ் போன்ற புதிய பேட்டை மையங்கள் குளுகுளுவென்று இருக்கின்றன, மருந்தகமும் உணவகமும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் கடை இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு விலையைப் பற்றியது. 1973இல் விலைவாசி ஏறியபோது, வியாபாரிகள் சரக்கைப் பதுக்கிக் கொள்ளை லாபம் பார்த்தார்கள் என்ற குறை நாடெங்கும் எழுந்தது. தோ பாயோவில் தொழிற்சங்கக் காங்கிரஸ் ‘வெல்கம்’ கூட்டுறவுப் பேரங்காடியைத் தொடங்கியதும், பின்னர் அது ஃபேர்பிரைஸாக வளர்ந்ததும் ஏழை வீட்டு அரிசிப்பானைக்குக் கிடைத்த பாதுகாப்பு. இதை மறுத்துவிட்டு மளிகைக் கடையைப் புகழ்வது நேர்மையல்ல. கடைக்காரர் எல்லோரும் நல்லவர் என்று நான் சொல்லவரவில்லை. கடனைச் சாக்காக வைத்து விலையை ஏற்றியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு கிலோ என்ன விலை என்பது மட்டும் விலையல்ல. தனியாக இருக்கும் மூதாட்டிக்கு 30 முட்டைத் தட்டு மலிவு என்பதால் லாபமில்லை, அவருக்கு வேண்டியது மூன்று முட்டை. அதற்காகப் பேருந்து ஏறிப் போய்வந்தால் அந்த மூன்று முட்டையின் விலை என்ன? பேரங்காடி ஊரின் சராசரி விலையைக் கட்டுக்குள் வைக்கிறது. மூன்று முட்டை, ஒரு வெங்காயம், அரை ரொட்டி என்ற தேவைக்கு அதன் அலமாரியில் பதில் இல்லை. இரண்டும் தேவை என்பதில் என்ன முரண்பாடு?

இன்னொரு மறுப்பு எனக்கு அதைவிடக் கனமானதாகப் படுகிறது. விடியற்காலையில் திறந்து இரவு பத்துக்கு மூடி, சீனப் புத்தாண்டுக்கோ பெருநாளுக்கோ மட்டும் ஓய்வெடுத்து, மனைவி மக்களையும் கல்லாவில் நிறுத்திய வாழ்க்கை அது. பிள்ளைகள் அதற்குத் திரும்ப வேண்டாம் என்றுதானே அவர்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள்? பிள்ளை மருத்துவரானதால் கடை மூடியது என்றால் அது அந்தக் குடும்பத்தின் வெற்றி. இதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் ஒரு கடை ஏன் மூடியது என்பதற்குத்தான் இது விளக்கம், அந்த இடத்தில் இன்னொன்று ஏன் திறக்கவில்லை என்பதற்கு அல்ல. 1972இல் உகாண்டாவிலிருந்து விரட்டப்பட்ட குஜராத்திகள் பிரிட்டனில் முனைக்கடைகளை எடுத்து நடத்தியபோது, முந்தைய தலைமுறைக் கடைக்காரர்கள் விலகிக்கொண்டிருந்தார்கள். ஒரு கூட்டம் இறங்கினால் அடுத்து வந்த கூட்டம் ஏறுகிற ஏணி அது. இன்று தீவெங்கும் கிளை பரப்பியிருக்கும் ஷெங் சியோங்கூட 1985இல் அங் மோ கியோவில் சிறிதாகத் தொடங்கியதுதான். கையில் கொஞ்சம் பணமும் உடம்பில் தெம்பும் மட்டும் உள்ள ஒருவர் அதே இடத்தில் இன்று தொடங்க நினைத்தால் முதலில் குறுக்கே நிற்பது வாடகை.

அரசாங்கத்துக்கு இந்தக் கடைகளின் அருமை தெரியாமல் இல்லை. 2023 ஜனவரியில் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் கொடுத்த 300 வெள்ளி சமூக மேம்பாட்டு மன்றப் (சிடிசி) பற்றுச்சீட்டில் பாதியை அக்கம்பக்கக் கடைகளுக்கும் உணவங்காடிகளுக்கும் என்றே பிரித்துவைத்தார்கள். ஆனால் பற்றுச்சீட்டு விற்பனையைக் கூட்டும், குத்தகையைக் குறைக்காது. வாடகையைக் குறைத்தால் சந்தை கெட்டுவிடும் என்பார்கள். பேட்டையின் நிலம் ஏறக்குறைய முழுவதும் ஒரே அமைப்பின் திட்டத்தில் இருக்கும்போது, சந்தை எங்கே முடிகிறது, முடிவு எங்கே தொடங்குகிறது? பாலர் பள்ளிக்கும் முதியோர் நிலையத்துக்கும் அதே கீழ்த்தளத்தில் சலுகை வாடகையில் இடம் தரப்படுகிறது. 2030இல் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்று கணக்கிட்டு, மூத்தோர் வீட்டுக் கதவைத் தட்டி நலம் விசாரிக்க ஆட்களை நியமிக்கிறோம். இரண்டு நாளாக ரொட்டி வாங்க வராதவரைப் பற்றி விசாரித்தவர், சம்பளம் கேட்காமல் அதே வேலையைத்தான் செய்தார். சில்லறையாக விற்கவும் தெரிந்தவருக்குக் கடன் எழுதவும் சம்மதிக்கிற கடைக்குப் பேட்டைக்கு ஓரிடம், முதியோர் நிலையத்துக்கு ஆகிற அதே வாடகைக்குக் கொடுக்கலாம். பெரிய இடம் வேண்டாம், நான்கு பேர் நின்றால் நிறைந்துவிடுகிற அளவு போதும். மின்தூக்கிக்குப் போகிற வழியில் இருக்கவேண்டும்.