சென்னீர்குப்பத்தில் ஓர் உயிர்ச் சான்று

பூந்தமல்லிக்குப் போகிறவர்கள், திருக்கச்சி நம்பிகள் அவதரித்த தலம் என்று வரதராஜப் பெருமாளைச் சேவிப்பார்கள். பக்கத்தில்தானே என்று மாங்காட்டுக் காமாட்சியையும் தரிசித்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவார்கள். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். அடுத்த தடவை கரையான்சாவடியில் இறங்கி, ஆவடிக்குப் போகும் சாலையில் கொஞ்சம் நடந்து பாருங்கள். சென்னீர்குப்பம் வந்துவிடும்.

குப்பம் என்றதும் வலையையும் கட்டுமரத்தையும் தேடாதீர்கள். கடல் 20 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. சென்னீர் என்பது சிவந்த நீரா, செவ்வையான நீரா என்பதைத் தமிழ்ப் பண்டிதர்கள் தீர்த்து வைக்கட்டும். நான் போன அன்று மழை பெய்து, சாலை ஓரத்தில் தேங்கியிருந்த நீர் முதல் கட்சிக்கே சாதகமாக இருந்தது. பெங்களூர்ப் பக்கம் போகும் லாரிகள் புறவழிச் சாலையில் உறுமிக்கொண்டிருந்தன.

மழைக்கு ஒதுங்க ஒரு கணினிக் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே ஏழெட்டுப் பேர், எல்லோரும் வயதானவர்கள். கையில் ஆதார் அட்டை, பென்ஷன் புத்தகம். "என்ன விசேஷம்?" என்று பக்கத்திலிருந்த பெரியவரைக் கேட்டேன்.

"நவம்பர் மாசம் ஆச்சே, சார்! உசிரோட இருக்கோம்னு சொல்லிட்டுப் போக வந்திருக்கோம்" என்றார்.

விஷயம் இதுதான். மத்திய சர்க்காரிடம் பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷந்தோறும் நவம்பர் 30-க்குள் தாங்கள் ஜீவித்திருப்பதற்குச் சான்று தரவேண்டும். எண்பது தாண்டியவர்களுக்கு மட்டும் சலுகை: அக்டோபர் முதல் தேதியே கொடுக்கலாம். சான்று போகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். ஆள் இருக்கிறாரா என்று தேடிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள்.

பெரியவர் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உழைத்தவர். 1960-களில் விஜயந்தா டாங்கியைச் செய்யத் தொடங்கிய இடம் அது. அவருக்குப் பென்ஷன் கணக்குப் பார்க்கும் ஆபீஸ் எங்கே இருக்கிறது தெரியுமா? அலகாபாத்தில், இப்போது பிரயாக்ராஜ் என்கிறார்கள். ஆவடியில் அரம் பிடித்த கை, கங்கைக் கரைக்கு ஆண்டுதோறும் சேதி சொல்லவேண்டியிருக்கிறது.

2018-இல் நடந்ததை அவரே சொன்னார். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். அம்மாவும் அப்பாவும் கூடப் போயிருந்தார்கள். பேரன் பிறந்து பத்து நாள். நவம்பர் முடியப் போகிறது. பெரியவர் மனைவியை அங்கேயே விட்டுவிட்டு, தாம் மட்டும் விமானமேறி வந்து, வங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். "பேரனுக்குப் பேர் வைக்கிறப்போ நான் பூந்தமல்லி பேங்குல வரிசையில நின்னுட்டு இருந்தேன், சார்!"

அவர் வந்திருக்கவே வேண்டாம்! வெளிநாட்டிலுள்ள நம் தூதரகத்து அதிகாரி கையெழுத்திட்டுத் தந்தாலும் செல்லும் என்பது விதி. அதை அவருக்கு எடுத்துச் சொல்ல அன்றைக்கு ஆளில்லை.

மின்னணு முறை அப்போதும் இருந்தது. 'ஜீவன் பிரமாண்' என்ற பெயரில் 2014 நவம்பர் 10-ஆம் தேதி பிரதமர் தொடங்கி வைத்தார். விரல் ரேகையையோ கண்ணின் கருவிழியையோ ஆதாரோடு ஒப்பிட்டு, சான்று தானாகவே பென்ஷன் ஆபீசுக்குப் போய்விடும். ஆனால் அதற்கு ஒரு கருவி வேண்டும். மகள் வீட்டில் அது ஏது? உள்ளூரில் கருவி கிடைத்தும் அவருக்குப் பயனில்லை. இரும்பை அராவி அராவி விரல் நுனி வழவழவென்று ஆகியிருந்தது. என்னிடம் நீட்டிக் காட்டினார். கூழாங்கல் மாதிரி இருந்தது.

2021 நவம்பர் 29-ஆம் தேதி முகத்தைக் காட்டினாலே போதும் என்ற முறை வந்தது. சாதாரணக் கைப்பேசியின் காமிராவே கருவி. 2023-இல் மறுபடி சிங்கப்பூர் போனவர், மகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே பிரயாக்ராஜுக்குத் தம் முகத்தை அனுப்பிவிட்டார். அந்த ஐந்து வயதுப் பேரன்தான் விளக்கைப் போட்டு, "தாத்தா, ஆடாதே!" என்று அதட்டினானாம்.

கடல் தாண்டிய சர்க்கார் வேலை என்றால் ஐரோப்பாவையும் பார்க்கவேண்டும். ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் நடுவே சுமார் 80 கிலோமீட்டர் கடல். பின்லாந்து டாக்டர் கணினியில் எழுதும் மருந்துச் சீட்டுக்கு 2019 ஜனவரி முதல் எஸ்தோனியா மருந்துக் கடையில் மருந்து தருகிறார்கள். அங்கே இரண்டு சர்க்கார்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. நம்முடைய கதையில் சிங்கப்பூர் சர்க்காருக்கு வேலையே இல்லை. நம் சர்க்கார் தன் குடிமகனை அங்கே எட்டிப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஆதார் இல்லாதவர் பாடு இன்னும் தூதரகமும் காகிதமும்தான்.

இரண்டு சர்க்கார்கள் பேசவேண்டிய இடத்தில் இன்னமும் முத்திரை பேசுகிறது. மருமகனுடைய பட்டச் சான்றிதழுக்கு அலைந்த கதையைப் பெரியவர் தனியாக வைத்திருந்தார். ஹேக் நகரில் 1961-இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதில் சேர்ந்த நாடுகளுக்குள் 'அப்போஸ்டில்' என்ற ஒரே முத்திரை போதும். இந்தியா 2005-இலும் சிங்கப்பூர் 2021-இலும் சேர்ந்தன. ஒரே முத்திரைதான், ஆனால் அதை வாங்குமுன் மாநில சர்க்காரின் ஒப்பம் வாங்கவேண்டும். அதற்குள் இவருக்குச் செருப்புத் தேய்ந்துவிட்டது.

அப்படியானால் இந்த மழையில் இவர் இங்கே எதற்கு வந்தார்? அதையும் கேட்டேன். தம்முடையதை வீட்டிலேயே முடித்துவிட்டாராம். அடுத்த வீட்டு அம்மாளைக் கூட்டி வந்திருக்கிறார். புருஷனும் அதே தொழிற்சாலைதான்; காலமாகிவிட்டார். குடும்ப பென்ஷன். அந்த அம்மாளிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன்.

"பாட்டி, அடுத்தது நீங்க" என்றான் கடைப் பையன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னான். அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றாள்.

"கண்ணைச் சிமிட்டுங்க, பாட்டி!"

"பரபுருஷன் எதிர்ல எதுக்குடா சிமிட்டச் சொல்றே?" என்றாள் அம்மாள். கடை முழுவதும் சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கண் தானாகவே சிமிட்டிவிட்டது.

"போயிடுச்சு, பாட்டி" என்றான் பையன்.

வெளியே மழை விட்டிருந்தது. பெரியவர் குடையை மடக்கிக்கொண்டு, பார்த்துக் கால் வைக்கும்படி அந்த அம்மாளிடம் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார்.