பேஸ்பால் பார்க்கப் போகலாமா?

அமெரிக்கா வந்தால் நயாகரா, டிஸ்னி என்று ஊர் சுற்றுகிறோம். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் குழந்தை குட்டிகளோடு போய் உட்காருகிற பேஸ்பால் மைதானத்தை மட்டும், "நமக்கென்ன புரியப் போகிறது?" என்று ஒதுக்கிவிடுகிறோம்.

நாங்கள் இருப்பது சிகாகோவை ஒட்டிய ஸ்கோக்கியில். எங்கள் வீட்டில் போவதென்று தீர்மானமானதற்கு இரண்டு காரணங்கள். "மத்தியானம் சாப்பிடறப்ப எல்லாப் பசங்களும் கப்ஸ் டீமைப் பத்தியே பேசறாங்கம்மா. நான் மட்டும் பேசாம உட்கார்ந்திருக்கேன்" என்றான் பன்னிரண்டு வயது மகன். மற்றொன்று, ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த என் மாமியார். ஜன்னல் வழியே வெறும் தெருவைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துப் போயிருந்தது.

கப்ஸ் அணியின் ரிக்லி ஃபீல்ட் 1914-ல் கட்டியது. பழைய கோயில் பிராகாரம் போல ஒரு களை! பின்சுவர் முழுக்க 1937-ல் நட்ட ஐவிக்கொடி. பந்து அதற்குள் சிக்கிக்கொண்டால், அடித்தவருக்கு இரண்டு 'பேஸ்' கொடுத்துவிடுகிறார்கள். ஸ்கோர் பலகையில் இன்றைக்கும் ஆள்தான் எண்களை மாற்றுகிறார். 1988 வரை இங்கே கப்ஸ் அணிக்கு இரவு ஆட்டமே கிடையாது. இப்போதும் பகல் ஆட்டங்கள் நிறைய உண்டு. குழந்தைகளைத் தூங்கும் நேரத்துக்குள் வீடு சேர்த்துவிடலாம்.

நாம் பெருமைப்படவும் இங்கே விஷயம் இருக்கிறது. பெண்களை இலவசமாக உள்ளே விட்ட 'லேடீஸ் டே' ஒன்றில், 1930-ல், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் திரண்டு வந்தார்களாம். 1943-ல் கப்ஸ் உரிமையாளர் பிலிப் ரிக்லி பெண்களுக்கென்றே தொழில்முறை பேஸ்பால் லீகைத் தொடங்கினார். ஆட்டக்காரிகளைத் தேர்ந்தெடுத்தது இதே மைதானத்தில்தான். 1954 வரை அவர்கள் ஆடினார்கள்.

இனி ஏற்பாடுகளுக்கு வருவோம். ஒவ்வொரு அணிக்கும் வருஷத்தில் 162 ஆட்டங்கள். அதில் 81 சொந்த ஊரில். அதனால் அவசரப்பட வேண்டாம். சனி, ஞாயிறிலும், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் போன்ற பரம்பரை எதிரிகள் வரும்போதும் டிக்கெட் விலை ஏறும். வாரநாளில் பாதி பர்ஸ் மிச்சம். ஏப்ரல், மே மாதங்களில் மிச்சிகன் ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கும். ஸ்வெட்டர் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஜூலையில் தொப்பியும் தண்ணீரும்.

இடம் பார்த்து வாங்குவதுதான் முக்கியம். பின்பக்கத் திறந்தவெளி பெஞ்சுகளில் மண்டை காயும். மேல்தளத்தின் அடியில் நிழல் உண்டு. ஆனால் சில இடங்களில் தூண் மறைக்கும்.

எங்கள் வீட்டுக்காரர் மைதான ஓரத்தில், வலை முடிகிற இடம் தாண்டி, மலிவாக ஐந்து டிக்கெட் பார்த்து வைத்திருந்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 2019 மே மாதம் ஹூஸ்டனில், கப்ஸ் வீரர் ஆல்பர்ட் அல்மோரா அடித்த பந்து கூட்டத்தில் இருந்த இரண்டு வயதுப் பெண்குழந்தையின் தலையில் பட்டது. மண்டையோட்டில் எலும்பு முறிவு. அந்த வீரர் மைதானத்திலேயே மண்டியிட்டு அழுதுவிட்டார். அதற்குப் பிறகு மைதானங்களில் பாதுகாப்பு வலையை இன்னும் நீட்டினார்கள். என்றாலும் வலை எல்லா இடத்தையும் மூடுவதில்லை. "ஆறு வயசுப் பொண்ணையும் அத்தையையும் கூட்டிக்கிட்டு அங்கே உட்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். வலைக்குப் பின்னால், நிழலில், உயரமான வரிசையில் வாங்கினோம். கொஞ்சம் கூடத்தான் ஆயிற்று. ஆட்டத்தின் நடுவே பந்து ஒன்று விர்ரென்று அந்த ஓரத்துக் கூட்டத்தில் போய் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

காரை வீட்டிலேயே விடுங்கள். நாங்கள் டெம்ப்ஸ்டரில் ரயில் ஏறி, ஹோவர்டில் சிவப்புத் தடத்துக்கு மாறி, அடிசனில் இறங்கினோம். நிலையத்துக்குப் பக்கத்திலேயே மைதானம். பையின் அளவு, வெளிச் சாப்பாடு, குழந்தை வண்டி இவற்றுக்கு மைதானத்துக்கு மைதானம் விதி வேறு. முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் செலவு குறையும். சைவக்காரர்களுக்கு உள்ளே பாப்கார்ன், வறுத்த வேர்க்கடலை, பிரெட்ஸல் கிடைக்கும். 'ஹாட் டாக்' இறைச்சி. குழந்தை கேட்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தை என்றால் ஜாக்கிரதை. காலடியெல்லாம் அதன் தோல்தான்.

ஆட்டம் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. பந்து தரையில் குத்தாமல் வரும். மூன்று முறை கோட்டை விட்டால் அவுட். மூன்று பேர் அவுட்டானால் எதிரணியின் முறை. இப்படி ஒன்பது சுற்று. நான்கு மூலையையும் சுற்றி வந்தால் ஒரு ரன். 2023-ல் பந்து வீசக் கடிகாரம் வைத்ததிலிருந்து ஆட்டம் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மகன் இதையெல்லாம் பாட்டிக்கு விளக்கினான். "அட, நம்ம ஊரு கிட்டிப்புள்ளு மாதிரியில்ல இருக்கு!" என்றார் அவர். அப்புறம் எங்களைவிட அவர்தான் உரக்கக் கைதட்டினார்.

ஏழாவது சுற்றின் நடுவே மொத்தக் கூட்டமும் எழுந்து பாடுகிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கு அது கால் நீட்ட நல்ல சமயம். கழிவறைக்குக் குழந்தைகளை அதற்கு முன்பே அழைத்துப் போய்விடுங்கள்.

அன்றைக்கு கப்ஸ் தோற்றது. ஜெயித்தால் 'டபிள்யூ' எழுதிய வெள்ளைக் கொடி, தோற்றால் 'எல்' எழுதிய நீலக் கொடி ஏற்றுவது இங்கே வழக்கம். "தோத்ததுக்குமா கொடி ஏத்துவாங்க?" என்று மாமியாருக்கு ஒரே ஆச்சரியம். மறுநாள் அந்த நீலக் கொடிக் கதையைத்தான் மகன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனான்.

முடிந்ததும் முண்டியடிக்காதீர்கள். கால்மணி நேரம் உட்கார்ந்திருந்து கிளம்பினால் ரயிலில் பெரியவர்களுக்கு இடம் கிடைக்கும். ஃபிரிட்ஜில் இட்லி மாவு மட்டும் இருக்கட்டும். வீடு திரும்பியதும் ராத்திரி சாப்பாட்டுக் கவலை இல்லை!